தாழ்ப்பாளில் கிரீஸ்

மார்ச் 9, ஞாயிறு. காலை 7.10.
நேற்றைய பிழை: 'வயிற்றுப்போக்கு – 2 தடவை' என்று எழுதியிருக்கிறேன். நான் பார்க்கவில்லை. அப்பா சொன்னார், எழுதினேன். கேட்டதைப் பார்த்ததுபோல் எழுதியது தவறு.

எழுதி முடித்ததும் அவளுக்கு வழக்கமான சந்தேகம் வந்தது. இது பிழைதானா, அல்லது பிழை என்று சொல்லிக்கொள்வதில் தனக்கொரு சுகம் வந்துவிட்டதா? பகலில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில், ஓடும் பட்டையில் வருகிற பாட்டில்களில் லேபிள் நேராக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. மாலையில் தரக் கட்டுப்பாட்டு வகுப்பு. அங்கே எல்லோரும் தினக்குறிப்பு எழுதியாக வேண்டும். அதற்கு மூன்று விதிகள் உண்டு. குறிப்பு முந்தைய நாள் பிழையில் தொடங்க வேண்டும், அடுத்த நாள் வேலையில் முடிய வேண்டும். திருத்தினால் கிறுக்கக் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு, அடியில் இருப்பது தெரியும்படி விட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்தத் திருத்தம் உண்மை என்று அறிந்த இன்னொருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அப்பாவின் உடம்பைப் பற்றி தினமும் எழுதச் சொல்லி மருத்துவமனையில் நோட்டு கொடுத்தபோது, அவள் இந்த விதிகளை அப்படியே அதற்கும் கொண்டுவந்துவிட்டாள். அப்பா அன்றிலிருந்து அவளை இன்ஸ்பெக்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறார். "இன்ஸ்பெக்டரம்மா, காலையில ரெண்டு தடவ தும்மினேன். அதுல ஒண்ணு பொய்த் தும்மல். எழுதிக்கோ" என்பார்.

அப்பா முப்பத்தோரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். இரண்டு வருடத்துக்கு முன்பு வயிற்றில் புற்றுநோய் என்று இரைப்பையில் பாதிக்கு மேல் வெட்டி எடுத்தார்கள். எல்லாம் போய்விட்டது என்றுதான் சொன்னார்கள். அவரும் வேலைக்குத் திரும்பி, ஒரு தடவைக்குக் கையளவு என்று ஒரு நாளைக்கு எட்டு முறை சாப்பிடப் பழகியிருந்தார். போன ஆண்டின் கடைசியில் அது திரும்பி வந்தது. வெட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கட்டி. மறுபடி அறுக்க முடியாத இடம். பழைய மருந்துகள் ஒத்துக்கொள்ளவில்லை. அப்போதுதான் டாக்டர் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கலாம் என்றார்: ஐந்து வாரம் கதிர்வீச்சு, கூடவே மூன்று வாரத்துக்கு ஒரு தடவை எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்து.

கதிர்வீச்சு என்ற சொல் வீட்டில் யார் வாயிலும் நிற்கவில்லை. கரண்ட் வைக்கிறது என்றே சொன்னார்கள். மற்றதை டாக்டர் விளக்கியபோது அப்பா முதல்முறையாக நாற்காலியின் நுனிக்கு வந்து உட்கார்ந்தார். உடம்புக்குள் காவல் அணுக்கள் இருக்கின்றன, கட்டி அவற்றின்மேல் பிரேக் போட்டு வைத்திருக்கிறது, இந்த மருந்து அந்த பிரேக்கை விடுவிக்கும்; கரண்ட் கட்டியை உடைக்கும்போது சிதறுகிற துண்டுகளைப் பார்த்துக் காவலுக்கு எதிரியின் அடையாளம் தெரியலாம் என்று டாக்டர் சொல்லிக்கொண்டு போனார்.

"பிரேக்கை விட்டா வண்டி எங்க போகும்னு யார் சார் பாத்துப்பாங்க?" என்றார் அப்பா.

டாக்டர் சிரித்துவிட்டு அவள் பக்கம் நோட்டைத் தள்ளினார். அதற்குத்தான் இது என்றார். விடுவித்த காவல் சில நேரம் சொந்த வீட்டையே எதிரி என்று நினைத்துக்கொள்ளும். குடலில், தோலில், நுரையீரலில் எங்கே வேண்டுமானாலும் கைவைக்கும். சீக்கிரம் தெரிந்தால் அடக்கிவிடலாம். நோட்டின் முதல் பக்கத்தில் நர்ஸ் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார்: வழக்கத்தைவிட நாலு தடவைக்கு மேல் வயிற்றால் போனால் காத்திருக்க வேண்டாம், உடனே போன். கீழே எண்.

அன்று திரும்பி வரும் வழியில் பேருந்தில் அப்பா அவளுக்கு லிஃப்ட்டைப் பற்றிப் பாடம் எடுத்தார். பெட்டி நடுவில் நின்றுவிட்டால், மேலே இயந்திர அறைக்குப் போய்க் கையால் பிரேக்கைத் தளர்த்துவார்கள். பெட்டி தானாக நகரும். உள்ளே ஆள் நிறைய இருந்தால் கீழே போகும். ஆள் இல்லாவிட்டால், மறுபக்கம் தொங்கும் எடைக்கட்டு கனம் என்பதால், மேலே போகும். "எல்லாரும் கீழ விழுந்துரும்னுதான் நெனைப்பாங்க. காலி வண்டி மேலதான் போகும்" என்றார். அப்போது அவர் நாற்பத்தாறு கிலோ இருந்தார்.

கரண்ட் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. மருந்து மூன்று தடவை ஏற்றியாகிவிட்டது; நாலாவது நாளைக் காலை. போன வியாழக்கிழமை எடுத்த ஸ்கேனில் கட்டி பாதிக்கும் கீழே சுருங்கியிருந்தது. அந்த அறிக்கையை அம்மா பிளாஸ்டிக் உறையில் போட்டு, டிவிக்குப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நிறுத்தி வைத்திருக்கிறாள். துணிக்கடையில் அளவு திருத்தும் வேலை பார்க்கிற அம்மா, யார் வந்தாலும் முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறாள். பொருள் புரியாத எண்களை விரலால் தடவி, "இது போன தடவ. இது இப்ப" என்கிறாள்.

அதே வியாழக்கிழமை நர்ஸ் நோட்டையும் புரட்டிப் பார்த்தார். 1, 2, 1, 2, 2. "இவ்வளவு அழகா எழுதறவங்கள நான் பாத்ததே இல்ல" என்றார். அவள் மகிழ்ந்துபோனாள். இப்போது அந்த மகிழ்ச்சி நினைவுக்கு வந்ததும் கழுத்துச் சூடேறியது. அந்த ஐந்து எண்களில் ஒன்றுகூட அவள் பார்த்ததில்லை. காலை ஆறரைக்குக் கிளம்பி வகுப்பு முடிந்து வருகிறவள் எதைப் பார்க்க முடியும்?

நோட்டை மூடிவிட்டு அவள் குளியலறைக்குப் போனாள். அது இரண்டு அறை வீட்டின் ஒரே குளியலறை, கழிப்பறையும் அதற்குள்தான். கதவின் இரும்புத் தாழ்ப்பாள் அவள் பள்ளிக்கூட நாளிலிருந்து கிறீச்சிடும். அந்தச் சத்தத்தை வைத்தே உள்ளே யார் என்று சொல்லிவிடலாம். இன்று அதை இழுத்தபோது ஒரு சத்தமும் இல்லை. வெண்ணெயில் கத்தி போவதுபோல் போனது. அவள் விரலைப் பார்த்தாள். நுனியில் கறுப்பாக, பிசுபிசுப்பாக ஒட்டியிருந்தது. முகர்ந்தாள். அப்பாவின் பழைய வேலைச் சட்டைகளில் எத்தனை துவைத்தாலும் போகாத வாசனை.

அவள் கதவை ஆட்டிப் பார்த்தாள். கீல்களிலும் அப்பா கிரீஸ் போட்டிருந்தார். ஃப்ளஷ் தொட்டியின் கைப்பிடி ஈரமில்லாமல் காய்ந்து கிடந்தது, காலையிலிருந்து யாரும் இழுக்காததுபோல. வாளி மட்டும் விளிம்புவரை நிறைந்திருந்தது, குழாயின் வாயில் ஒரு துணி கட்டி, தண்ணீர் ஓசையில்லாமல் இறங்கும்படி. ஒரு திறமையான ஆள் உட்கார்ந்து யோசித்துச் செய்த வேலை என்று யாரும் சொல்லிவிடுவார்கள்.

அன்று முழுக்க அவள் கூடத்தில் உட்கார்ந்து வகுப்புக்கான பாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை. சத்தம் இல்லாததால் கண்ணால்தான் எண்ண வேண்டியிருந்தது. அப்பா எழுந்து போனார், வந்தார். பாதையில் அவள் இருப்பதால் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்: துண்டு, சவரக் கத்தி, காய வைக்க வேண்டிய சட்டை. அவள் பென்சிலால் பாடப் புத்தகத்தின் ஓரத்தில் சின்னதாகக் கோடிட்டாள். மூன்றாவது கோட்டுக்குப் பிறகு அவர் அவளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். நாலாவதுக்குப் பிறகு அவளும் தலையை நிமிர்த்தவில்லை. சன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் சுவர், கதவைத் திறந்தால் படிக்கட்டு. பெற்ற தகப்பன் கழிப்பறைக்குப் போவதை எண்ணுகிற காவல்காரியாகத் தான் ஆகிவிட்டதை நினைத்து அவளுக்கு அந்தக் கூடத்திலேயே மூச்சு முட்டியது.

ஐந்தாவது கோடு போட்டபோது அம்மா அடுக்களையிலிருந்து வந்து புத்தகத்தின்மேல் கையை வைத்தாள்.

"பேனா உன் கையில இருக்குங்கறதுக்காக எல்லாத்தையும் எழுதணும்னு இருக்கா?" என்றாள் தாழ்ந்த குரலில்.

"பென்சில்மா."

"இந்த வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல." அம்மா டிவியின் பக்கம் பார்த்தாள். "கரண்ட் வச்ச சூடு. அதான் போகுது. நர்ஸே சொன்னாங்களே, கொஞ்ச நாள் இருக்கும்னு."

சொன்னது உண்மைதான். அதுதான் அவளை உலுக்கியது. கரண்ட்டால் என்றால் இது தானாக அடங்கும். மருந்தால் என்றால் காவல் குடலைக் கடிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். எது என்று கண்டுபிடிக்க அவள் யார்? போன மாதம் பட்டையில் வந்த ஒரு பாட்டிலின் லேபிளில் கிழிசல் என்று பயந்து சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். கிழிசல் இல்லை, விளக்கின் நிழல். நாற்பது நிமிடம் வேலை நின்றது. அதிலிருந்து தொழிற்சாலையில் அவள் பெயரே நாப்பது நிமிஷம். "நாப்பது நிமிஷம் வருது, விளக்க அணைங்கப்பா" என்று சாப்பாட்டு நேரத்தில் சிரிப்பார்கள். அங்கே நின்றவை பாட்டில்கள். இங்கே நிறுத்தினால் நிற்பது என்ன?

மதியத்துக்கு மேல் அவள் கடைக்குப் போய்விட்டு வந்தாள். எதையும் வாங்க வேண்டியிருக்கவில்லை, வெளிக்காற்று வேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் மருத்துவமனை நோட்டு. காலையில் எழுதிய பிழைக் குறிப்பைப் படித்து முடித்திருந்தார் என்று முகத்திலேயே தெரிந்தது. அவள் கையை நீட்டிக் கறுத்த விரல் நுனியைக் காட்டினாள். வேறு எப்படித் தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்பா அதைப் பார்த்தார். "சோப்புக்குப் போகாது. எண்ணெய் போட்டுத் துடை" என்றார்.

பிறகு அவர் பேசினார். இயந்திர அறையில் ஒவ்வொரு லிஃப்ட்டுக்கும் ஒரு பதிவேடு தொங்கும் என்றார். அதில் பழுது என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் வண்டியை நிறுத்தியே ஆக வேண்டும். மேலதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை ஓட்டக் கூடாது. அவர் வர நாலு நாள் ஆகும், சில சமயம் பத்து. பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் வயதானவர்கள் இருப்பார்கள், பிள்ளை சுமப்பவர்கள் இருப்பார்கள். அதனால் சின்னப் பழுதுகளை அவர் எழுத மாட்டார். 'சரி' என்று எழுதிவிட்டு, தினமும் வேலைக்கு முன்னால் அரைமணி நேரம் முந்திப் போய்த் தானே பார்த்துக்கொள்வார். அப்படித்தான் முப்பத்தோரு வருடமும்.

"எழுதினா நிறுத்துவாங்க. இதுவும் அதேதான்" என்றார். "மருந்து ஏத்தறப்ப பக்கத்துக் கட்டில்ல இருந்தாரே வாத்தியார், அவருக்கு என்ன பண்ணாங்க? ரெண்டு நாள் வயித்தால போச்சுன்னு வாய விட்டார். மருந்த நிறுத்தினாங்க. திரும்பக் குடுக்கவே இல்ல. இப்ப எங்க அவரு?"

வாத்தியாரின் கட்டிலில் இப்போது வேறொருவர் இருக்கிறார்.

"இப்பதான் வண்டி நகருது. நீயே பாத்த, பாதிக்குக் கீழ வந்துருச்சு. நாளைக்கு ஒண்ணு ஏறட்டும். அதுக்கப்புறம் எழுதிக்கோ."

அவர் இதுவரை அவளிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. இப்போதும் கெஞ்சவில்லை, பேனாவை மூடி போட்டு அவள் பக்கம் நீட்டினார். அதை வாங்கிக்கொள்ளாமல், எங்கோ பார்த்துக்கொண்டு அவள் கேட்டாள்.

"முப்பத்தோரு வருஷத்துல யாரும் மாட்டலயாப்பா?"

அப்பா போர்வையின் தையலைப் பார்த்தார்.

"ஒரு அம்மா. ஏழாவது மாடிக்கும் எட்டாவதுக்கும் நடுவுல" என்றார். "கதவுப் பூட்டுல ஒரு தகடு தேஞ்சு போயிருந்தது. பதினோரு நாளா எனக்குத் தெரியும். தினம் தேச்சு விட்டுட்டுதான் இருந்தேன். ரெண்டு மணி நேரம் பத்து நிமிஷம் உள்ள இருந்தாங்க. நான் எட்டாவது மாடியில குப்புறப் படுத்துக்கிட்டு கதவு இடுக்கு வழியாப் பேசிட்டு இருந்தேன். அழல, கத்தல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. இதுக்கு முன்னாடி இப்படி ஆயிருக்கான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இல்லம்மா, இதான் முதல் தடவன்னேன்." அவர் போர்வையைத் தடவினார். "பயப்படுவாங்களேன்னு." பிறகு, "அப்படிச் சொன்னது அவங்களுக்காக இல்ல" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். பிறகு எழுந்தார். இந்தத் தடவை கையில் துண்டோ சட்டையோ எடுத்துக்கொள்ளவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, நேரம் இல்லாதவர்போல் போனார். கதவு ஓசையில்லாமல் சாத்திக்கொண்டது.

நோட்டு கட்டிலில் திறந்து கிடந்தது. அவள் பேனாவை எடுத்து நேற்றைய '2' மீது ஒற்றைக் கோடு போட்டாள். பக்கத்தில் எதை எழுதுவது? அவளுக்குத் தெரியாது. 'தெரியவில்லை' என்று எழுதினாள். வெள்ளிக்கிழமைக்கும் அதையே எழுதினாள். வியாழக்கிழமை எண்ணில் கோடு போட்டபோது, நர்ஸ் பாராட்டிய பக்கம் அது என்று கை ஒரு கணம் நின்றது. பிறகு புதனுக்குப் போனாள். இன்றைய இடத்தில் ஐந்து கோடுகளையும் இப்போது போனதையும் சேர்த்து 6 என்று எழுதினாள். அம்மா அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்கவில்லை. டிவி பக்கத்தில் இருந்த உறையை எடுத்து வந்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள், அதை யாரோ பிடுங்க வருவதுபோல.

அவள் குளியலறைக் கதவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து சிவப்பு மை எண்ணுக்குப் போன் செய்தாள். அப்பாவுக்குக் கேட்க வேண்டும் என்றுதான் அங்கே உட்கார்ந்தாள். அவருக்குத் தெரியாமல் இதைச் செய்வது தாழ்ப்பாளுக்குக் கிரீஸ் போடுவதுபோல் ஆகிவிடும் என்று தோன்றியது. இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். அதே நர்ஸ்தான், குரலைக் கேட்டதும் அவளை அடையாளம் கண்டுகொண்டு, "சொல்லும்மா, நோட்டுப் பொண்ணு" என்றார்.

அவள் சொன்னாள். சொல்லும்போது குரல் பட்டையில் ஓடும் பாட்டில்போல் ஒரே சீராக வந்தது. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இன்னைக்கு எத்தனை தடவை என்று நர்ஸ் கேட்டார்.

"ஆறு" என்றாள்.

கதவுக்குப் பின்னால் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"எட்டு" என்றது அப்பாவின் குரல். "நீ கடைக்குப் போயிருந்தப்ப ரெண்டு."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "எட்டு" என்று போனில் சொன்னாள். ரத்தம் கலந்திருக்கிறதா, காய்ச்சல் உண்டா, வயிறு இழுத்துப் பிடிக்கிறதா என்று நர்ஸ் ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் கதவைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேட்டாள். கதவு இல்லை என்றது, இல்லை என்றது, மூன்றாவதற்குக் கொஞ்சம் என்றது. பிறகு நர்ஸ், எழுதிக்கொண்டே கேட்கிற குரலில், "இதுக்கு முன்னாடி இப்படி ஆயிருக்கா?" என்றார்.

அவள் போனைக் காதிலிருந்து எடுத்து, ஒலிபெருக்கியை அழுத்தி, கதவின் அடி இடுக்குப் பக்கம் நீட்டினாள். கை தானாகவே அப்படிச் செய்தது. நர்ஸ் அதே கேள்வியை மறுபடி கேட்டார். உள்ளே வாளியில் ஒரு சொட்டு விழுந்தது, இன்னொரு சொட்டு.

"ஒன்பது நாளா" என்றார் அப்பா.

நர்ஸ் கோபிக்கவில்லை. வயிற்றுப்போக்கை நிறுத்துகிற மாத்திரை எதுவும் கொடுக்க வேண்டாம், தண்ணீர் நிறையக் குடிக்கட்டும், ரத்தமோ காய்ச்சலோ வந்தால் விடியக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் காலை ஏழுக்கு, மருந்து ஏற்றும் இடத்துக்கு அல்ல, டாக்டர் அறைக்கு வர வேண்டும் என்றார். நிறுத்திவிடுவார்களா என்று அம்மா பின்னாலிருந்து கேட்டாள். பரிசோதித்துப் பார்த்து டாக்டர்தான் சொல்வார், இப்போது தான் ஒன்றும் சொல்ல முடியாது என்றார் நர்ஸ். போன் அணைந்தது.

அப்பா உடனே வெளியே வரவில்லை. அவளும் எழுந்திருக்கவில்லை. கதவின் அடி இடுக்கில் அவருடைய பாதங்களின் நிழல் தெரிந்தது. ஒரு கை தாழ்ப்பாளில் இருப்பது, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், அவளுக்குத் தெரிந்தது. மடியில் நோட்டை விரித்து அவள் '6' மீது ஒற்றைக் கோடு போட்டாள்.

மாலை 6.20.
இன்று: 8. (திருத்தம். நான் கையெழுத்து போட்டிருக்கிறேன். அப்பா கையெழுத்து இன்னும் இல்லை.)
நாளை: 5.30க்கு எழ வேண்டும். மாற்று உடை இரண்டு. ஸ்கேன் அறிக்கை, உறையோடு. 6.15 பேருந்து. திருத்தங்களில் அப்பாவிடம் கையெழுத்து வாங்க வேண்டும். போடாவிட்டாலும் நோட்டை டாக்டர் கையில் கொடுக்க வேண்டும்.